நீதிக்காக ஜெபிக்கும் ஆண்டு: ஒரு கோயில் பங்கு இதைத் தொடங்கி நடத்துவது எப்படி?

ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கையாளர் மன்றாட்டு நேரம். "ஏழைகள், அனாதைகள், நோயாளிகள், துன்புறுவோர் அனைவருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்" என்று ஒருவர் வாசிப்பார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அந்த ஏழை யார், எந்தத் தெரு, அவருக்கு என்ன ஆயிற்று என்பது கோயிலில் இருக்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரமும் அதே வரிதான்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், நீதி, அமைதிக் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஊர் பேரும் ஆள் பேரும் தெரியாமல் செய்கிற ஜெபம் வாயோடு நின்றுவிடுகிறது என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்டது. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதே வார்த்தைகள் வேறு மாதிரி வரும். ஜெபம் முடிந்த பிறகு கை சும்மா இருக்காது. அப்படி ஓர் ஆண்டு முழுவதையும் எப்படி அமைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கத்தோலிக்கர் செபம் என்போம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபையார் ஜெபம் என்பார்கள். இங்கே சொல்லும் நாட்களில் பல இரு தரப்புக்கும் பொதுவானவை என்பதால் ஜெபம் என்றே எழுதுகிறேன்.

முதல் படி: ஐந்தாறு பேர், ஒரு நோட்டு

நவம்பர் தொடக்கத்தில் வேலையை ஆரம்பியுங்கள். திருச்சபையின் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று பிறக்கிறது. 2026இல் அது நவம்பர் 29. பங்குத்தந்தையிடம், சி.எஸ்.ஐ. என்றால் சபைப் போதகரான ஆயரிடம், முதலிலேயே பேசி அவர் சம்மதத்தோடு தொடங்க வேண்டும். வழிபாட்டில் நடப்பதற்கு அவரே பொறுப்பு.

குழுவுக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. பாடகர் குழுவிலிருந்து ஒருவர், மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர், அன்பியம் எனும் தெருக் குடும்பக் குழுவின் பொறுப்பாளர் ஒருவர், இளைஞர் ஒருவர். சரி, இவர்கள் எந்தப் பங்கிலும் எளிதாகக் கிடைப்பார்கள். தேடிப் போய் அழைக்க வேண்டியவர்கள் வேறு. கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண், துப்புரவுப் பணி செய்யும் குடும்பத்திலிருந்து ஒருவர், கோயிலுக்கு வந்தும் கடைசி வரிசையைத் தாண்டி வராத தெருவிலிருந்து ஒருவர். இவர்கள் இல்லாமல் குழு கூடவே கூடாது என்பது என் கருத்து. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது.

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு ஜெப நாளுக்கும் எதிரெதிரே இரண்டு பக்கம். இடப்பக்கம் யாரைச் சந்தித்தோம், அவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். வலப்பக்கம் என்ன ஜெபித்தோம், என்ன செய்வதாகச் சொன்னோம், யார் செய்கிறார்கள், எந்தத் தேதிக்குள், செய்தோமா இல்லையா. கடைசிப் படியில் இந்த நோட்டு தேவைப்படும்.

இரண்டாம் படி: நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

தினசரி காலண்டர் வேண்டாம், பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் தெரிகிற பெரிய காலண்டர் வேண்டும். மூன்று நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். தேதி மாறாத நாட்கள் ஒரு நிறம். ஈஸ்டரோடு சேர்ந்தோ ஞாயிறைப் பார்த்தோ நகரும் நாட்கள் ஒரு நிறம். உங்கள் ஊரின் சொந்த நாட்கள் மூன்றாவது நிறம்.

சனவரி 1 கத்தோலிக்கத் திருச்சபைக்கு உலக அமைதி நாள். திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கி, 1968 முதல் நடக்கிறது. புத்தாண்டுக் கூட்டத்தில் இதற்கு ஒரு மன்றாட்டு போதும். சனவரி 14ஐத்தான் நம் மக்கள் கவனிக்க வேண்டும். 1752இல் அந்த நாளில்தான், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியது. பொங்கல் நேரத்தில் வருவதால் திருநாள் கூட்டம் இருக்கும். அந்த நீக்கத்துக்கு என்ன பொருள் என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஜெபித்தாலே அது நீதிக்கான ஜெபம்தான்.

சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். 1908இல் தொடங்கியது. உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து ஆண்டுதோறும் இதற்கான ஜெபக் குறிப்புகளை வெளியிடுகின்றன. 2013க்கான குறிப்புகளைத் தயாரித்தது இந்தியக் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். கடவுள் நம்மிடம் கேட்பது என்ன என்ற மீக்கா ஆறாம் அதிகாரத்துக் கேள்வியை எடுத்து, தலித் மக்களின் வாழ்வை உலகம் முழுவதும் ஜெபிக்க வைத்தார்கள். அந்தக் குறிப்பை எடுத்து இன்றைக்கும் பயன்படுத்தலாம், பழசாகவில்லை. சபைகள் வேறாக இருந்தும் ஒரே சாதிக் கோடு எல்லாச் சபைக்குள்ளும் ஓடுகிறதே என்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது.

பிப்ரவரியில் இரண்டு நாட்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. பிப்ரவரி 8 புனித ஜோசபின் பக்கிதாவின் நாள். சூடானின் டார்ஃபூரில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டவர். பட்ட துன்பத்தில் அம்மா அப்பா வைத்த பெயரே அவருக்கு மறந்துபோனது. பக்கிதா என்பது கடத்தியவர்கள் வைத்த பெயர். அரபியில் அதற்கு அதிர்ஷ்டசாலி என்று பொருள். இத்தாலியில் 1889இல் நீதிமன்றம் அவரை விடுதலை பெற்றவர் என்று அறிவித்தது. பின்பு கன்னியராகி 1947இல் இறந்தார். 2015 முதல் இந்த நாள் ஆள்கடத்தலுக்கு எதிரான உலக ஜெப நாளாக இருக்கிறது. மறுநாள் பிப்ரவரி 9, கொத்தடிமை முறை ஒழிப்பு நாள். 1976இல் இதே தேதியில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் வேலை என்று முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் வட்டாரத்திலும் இருக்கலாம். அந்தச் சட்டப்படி முன்பணக் கடன் செல்லாது, மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். இந்த இரண்டு செய்தியையும் மறையுரையில் ஒருமுறை சொன்னாலே போதும், கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் ஊரிலிருக்கும் தன் தம்பிக்கு போன் செய்வார்.

மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். இது பெண்கள் நடத்துவது. ஆண்டுக்கு ஒரு நாட்டுப் பெண்கள் வழிபாட்டை எழுத, உலகம் முழுவதும் அதே வழிபாடு நடக்கும். 2025இல் குக் தீவுகள், 2026இல் நைஜீரியா. அறிந்து ஜெபிப்பது, ஜெபித்துச் செயல்படுவது என்பதுதான் அந்த இயக்கத்தின் வழி. சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இதை நன்றாக நடத்துவார்கள். கத்தோலிக்கப் பெண்கள் அவர்களோடு போய் உட்காரலாம், தனியாக ஒன்று நடத்த வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாளான தவக்காலம், அதாவது லெந்து நாட்கள், நகரும் நிறத்தில் வரும். 2027இல் பிப்ரவரி 10 திருநீற்றுப் புதன், மார்ச் 28 ஈஸ்டர். புதனை அடுத்த வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். கட்டுகளை அவிழ்ப்பதும், நுகத்தடியை உடைப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும்தான் நான் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. கோயிலில் பத்துப் பேர்தான் இருப்பார்கள் என்றாலும், நாற்பது நாளையும் அந்த வாசகத்தில் தொடங்குங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016இலேயே விதி மாறிவிட்டது.

மார்ச் 24, பேராயர் ஆஸ்கர் ரொமேரோவின் நாள். 1980இல் எல் சால்வடோரில் திருப்பலி பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டவர். பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழும் என்பதால் அந்த வாரச் சிலுவைப்பாதையில் (இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நின்று தியானிக்கும் வழிபாடு) ஒரு தலத்தை அவருக்கு வைக்கலாம்.

மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய திருநாள். இதைப் பற்றி நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன். சூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நாள், பள்ளி திறக்கும் நேரம். இடைநின்ற பிள்ளைகள் யார் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்கச் சரியான வாரம்.

சூலை 5, ஸ்டேன் சுவாமி இறந்த நாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்த இயேசு சபைத் துறவி. 2020 அக்டோபரில் கைதானார். நடுக்கவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குழாய்க்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பிணைக்காகக் காத்திருந்தபடியே 2021இல் 84 வயதில் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியது விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களுக்காக. அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு, உங்கள் ஊர்க் கிளைச் சிறையில் இருப்பவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் ஜெபியுங்கள். கைதியின் மனைவி எந்தக் கோயிலிலும் தன் பெயர் சொல்லி மன்றாட்டு கேட்கத் துணிவதில்லை.

ஆகஸ்ட் 10 கறுப்பு நாள். 1950இல் இதே தேதியில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. 2004இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. இந்த வரலாற்றை இளைஞர்களுக்குச் சொல்லாமல் கறுப்புத் துணி மட்டும் குத்திவிடாதீர்கள். ஐந்து நாள் கழித்து ஆகஸ்ட் 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. வலியோரை அரியணையிலிருந்து இறக்கித் தாழ்ந்தோரை உயர்த்தும் கடவுளைப் பற்றி மரியா பாடும் பாடல்தான் அன்றைய நற்செய்தி. இந்த இரண்டு நாளையும் சேர்த்து ஒரே ஜெபமாக அமைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். 1989இல் கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை முதலாம் திமேத்ரியோஸ் தொடங்கிய ஜெப நாள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கரையும் அதில் சேர்த்தார். பனம்பழம் விழுந்து முடியும் நேரம் இது. மழைக்கு முன் விதை ஊன்றலாம். செப்டம்பர் கடைசி ஞாயிறு கத்தோலிக்கருக்குப் புலம்பெயர்ந்தோர், அகதிகள் நாள். அன்று ஒரு மன்றாட்டை இந்தியில் வாசிக்கச் சொல்லுங்கள். திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா கிறிஸ்தவர்கள் ஞாயிறு காலை எங்கே போகிறார்கள் என்று அப்போதுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். 1983 முதல் இங்கே முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும் இந்த நாள் உரியது.

நவம்பர் ஞாயிறுகளை ஏழாம் படியில் தனியாகப் பார்ப்போம். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாட்கள். உலகத் திருச்சபைகள் மன்றம் வியாழக்கிழமைகளில் கறுப்பு உடுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். டிசம்பர் 28, ஏரோது அரசன் கொன்ற பெத்லகேம் பிள்ளைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் நாள்.

இனி மூன்றாவது நிறம். ஊரின் சொந்த நாட்களைக் குழுவிலிருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள். கடற்கரைப் பங்குக்கு டிசம்பர் 26 யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு மே 22. 2018இல் அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நெல்லைக்குச் சூலை 23. 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 உயிர் தாமிரபரணியில் போனது. தஞ்சை, நாகைப் பக்கம் கிறிஸ்துமஸ் இரவே துக்க இரவு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் திருப்பலியில் அந்த 44 பேருக்கு ஒரு நிமிட மௌனம் காப்பது விழாவைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பெத்லகேமில் பிறந்த குழந்தைக்கு இடம் கிடைக்காத கதையைத்தானே அந்த இரவு வாசிக்கிறோம்.

மூன்றாம் படி: ஐந்து நாள் மட்டும் எடுங்கள்

முதல் ஆண்டு நாங்கள் பத்தொன்பது நாட்களைக் குறித்தோம். தவக்காலம் முடிவதற்குள் குழுவே களைத்துவிட்டது. மே மாதத்தில் மன்றாட்டை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே வாசிக்கும் நிலைக்கு வந்தோம். மக்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்விகூட எழவில்லை. அடுத்த ஆண்டு ஐந்தாகக் குறைத்தபோதுதான் ஆட்கள் வந்து பேசத் தொடங்கினார்கள்.

தேர்ந்தெடுக்க எங்கள் வழி இது: தவக்காலத்திலிருந்து ஒன்று, தொழில் அல்லது குழந்தைகள் தொடர்பானது ஒன்று, மற்ற சபைகளோடு சேர்ந்து செய்வது ஒன்று, ஊர் நாள் ஒன்று, நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு. கடைசியதை நீக்க அனுமதி இல்லை என்று எழுதியே வைத்துவிட்டோம். மற்ற நாட்களுக்கு ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரி போதும்.

நான்காம் படி: ஒரு மாதம் முன்னால் போய்க் கேளுங்கள்

என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இரண்டு பேராகப் போங்கள். கேமரா வேண்டாம், விண்ணப்பப் படிவம் வேண்டாம். "உங்களுக்காக ஜெபிக்கப்போகிறோம், என்ன சொல்லி ஜெபிக்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஒரு மே முதல் தேதிக்காக, எங்கள் தெருவைக் கூட்டும் துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் போனோம். சம்பள உயர்வு, பணி நிரந்தரம் என்று சொல்வார் என நினைத்தோம். அவர் வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டுக் காட்டினார். ஆம்பளைகள் அளவு. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு அங்குலம் காலியாகத் துவண்டது. "இத போட்டா துடைப்பம் நிக்காது தம்பி. கழட்டி வச்சுட்டு வெறுங்கையிலதான் அள்றோம். அப்புறம் கையுறை குடுத்தாச்சுன்னு கணக்குல எழுதிக்கிறாங்க" என்றார். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த தழும்பு, தையல் போட்ட இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

மே 1 அன்று அவரே வந்து மன்றாட்டு சொன்னார். எழுதிக் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சாமி, எங்க கைக்கு ஏத்த உறை கிடைக்கணும்" என்று மட்டும் சொன்னார். கோயிலே அமைதியானது. எங்கள் வாய்க்கு வந்த பதில், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்பது, அன்றைக்குத் தொண்டையில் சிக்கியது. அந்த வாரமே சின்ன அளவுக் கையுறை வாங்கிக் கொடுத்தோம். அதோடு, பெண்கள் அளவில் வழங்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கி உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வாங்கிக் கொடுப்பது மட்டும் போதாது. அடுத்த தெருவின் அக்காவுக்கும் கை அதே அளவுதானே.

ஐந்தாம் படி: மன்றாட்டை எழுதுவது

கேட்டு வந்ததை வைத்து எழுதுங்கள். முதலில் கண்டதைச் சொல்வது, பிறகு அதில் நம் பங்கை ஒத்துக்கொள்வது, பிறகு கேட்பது, கடைசியில் நாம் செய்யப்போவதைச் சொல்வது. "குழந்தைத் தொழிலாளர்களுக்காக மன்றாடுகிறோம்" என்பதில் இவற்றில் எதுவுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆண்டவரே, பள்ளி திறந்தும் எட்டாம் வகுப்புக்கு வராமல் வேலைக்குப் போய்விட்ட எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வரை உம் முன் கொண்டுவருகிறோம். அவர்கள் வீட்டுக் கடன் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம். எங்களை மன்னியும். அந்தப் பெற்றோருக்கு வழி திறந்தருளும். இந்த மாத இறுதிக்குள் அந்த வீடுகளுக்குப் போவோம் என்று உம் முன் சொல்கிறோம், துணிவைத் தாரும்."

நீளம் இதற்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகளின் பெயரை ஒருபோதும் சொல்லக் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ அப்படித்தான். பாதிக்கப்பட்டவரை எல்லோர் முன்பும் சாட்சி சொல்ல வைப்பதும் வேண்டாம். அவர் தானாகச் சொல்ல விரும்பினாலும், தனியாக உட்கார்ந்து இரண்டு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தக் கையுறை அக்காவிடமும் முந்தின நாள் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தோம்.

ஆறாம் படி: வழிபாட்டுக்குள் எங்கே வைப்பது

திருவருகைக்காலம், தவக்காலம், ஈஸ்டரை அடுத்து வரும் பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறு வாசகங்களை மாற்ற முடியாது. மாற்றவும் தேவையில்லை. முன்னுரை, மறையுரை, மன்றாட்டு, காணிக்கைப் பவனி, இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கைப் பவனியில் உண்மையான பொருள் வரட்டும். படைப்பின் காலத்தில் பனங்கொட்டை, மே 1 அன்று கொல்லனின் சுத்தியல், சூன் 12இல் ஒரு பள்ளிப் பை. அட்டையில் வரைந்த சின்னங்கள் மனதில் நிற்பதில்லை.

பெரிய வெள்ளியன்று கஞ்சி ஊற்றும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், யார் ஊற்றுகிறார்கள், யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள், யார் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று ஒரு வருடம் கவனித்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே பாய்.

ஏழாம் படி: நவம்பர்

நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றமும் 2007 முதல் கத்தோலிக்க ஆயர் பேரவையும் சேர்ந்து நடத்துகின்றன. 2026இல் நவம்பர் 8. அதற்கு அடுத்த வாரம், நவம்பர் 15, வறியோருக்கான உலக நாள். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கியது. வறியோர் நாளை நம் பங்குகள் விருப்பத்தோடு கொண்டாடும், பிரியாணி போடும், சேலை கொடுக்கும். தலித் விடுதலை ஞாயிறைச் சுற்றறிக்கையோடு முடித்துவிடும். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. கொடுப்பது நமக்கு எளிது, ஒத்துக்கொள்வது கஷ்டம்.

தலித் விடுதலை ஞாயிறுக்கு மன்றாட்டு பொருந்தாது, பாவ அறிக்கைதான் பொருந்தும். வேறு எவரோ செய்த குற்றத்துக்காக நாம் பரிந்து பேசும் நாள் அல்ல அது. அதற்கு முன் மாதம் குழு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: கல்லறைத் தோட்டத்தில் சுவரோ, பிரிக்கும் வரப்போ இருக்கிறதா? திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை போகிறது, எந்தத் தெரு முனையில் திரும்புகிறது? திருவிழா வரி யாரிடம் வாங்குகிறோம், யாரிடம் வாங்க மறுக்கிறோம்? வரி வாங்க மறுப்பது அன்பு அல்ல, பங்காளி அல்ல என்று சொல்லும் வழி அது. பங்குப் பேரவையில், பாடகர் குழுவில், பீடச் சிறுவரில் எந்தத் தெருப் பிள்ளைகள் இல்லை? பங்கின் சவ வண்டி எல்லாத் தெருவுக்கும் போகிறதா?

விடைகளை அப்படியே அறிக்கையாக வாசிக்க முடிந்தால் நல்லது. எதிர்ப்பு வரும். பங்குத்தந்தை தயங்கினால், முதல் ஆண்டு ஒரே ஒரு விடையை மட்டும் எடுங்கள். தேர்ப்பாதையை எடுங்கள், அது எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அறிக்கையை ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஒருவர் வாசிக்க வேண்டும். தலித் ஒருவரை வாசிக்க வைத்து மற்றவர்கள் தலை குனிந்து கேட்பது, சுமையை மறுபடி அவர் தலையில் வைப்பது. தலித் மக்களிடம் கேட்க வேண்டியது, அன்று என்ன பாடல், பறை பீடத்தருகே ஒலிக்கலாமா, மறையுரை யார் தர வேண்டும் என்பவை. அவர்கள் சொல்வதை மாற்றாமல் செய்யுங்கள்.

எட்டாம் படி: ஒரு செயல், ஒரு தேதி

ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு செயல். யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று நோட்டின் வலப்பக்கத்தில் எழுதுங்கள். பணம் திரட்டினால் வரவு செலவை அதே மாதம் கோயில் பலகையில் ஒட்டிவிடுங்கள். பலகையில் இந்த எண்களும் நிரந்தரமாக இருக்கட்டும்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, சாதி வன்கொடுமைக்கு 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100. சிலுவைப்பாதைப் படங்களுக்குக் கீழே ஒட்ட முடிந்தால் இன்னும் நல்லது, அங்கேதான் மக்கள் நிற்கிறார்கள்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், குழுவிலோ பேரவையிலோ வைத்துப் பேசி முடிக்க நமக்கு உரிமையில்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் நம் பங்கின் யாராக இருந்தாலும்.

ஒன்பதாம் படி: திரும்பப் போவது

வழிபாடு முடிந்து நான்காவது ஞாயிறு, ஜெபித்தவரின் வீட்டுக்கு அதே இரண்டு பேர் போக வேண்டும். என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நடக்காததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கும், ஆனாலும் போக வேண்டும். பின்பு கோயிலில் அறிவிப்பு நேரத்தில் இரண்டு வரி: "மே முதல் தேதி ஜெபித்தோமே, கையுறை வந்துவிட்டது, மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. தொடர்ந்து ஜெபியுங்கள், செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம்."

நவம்பரில் குழு மறுபடி கூடும்போது புது நோட்டு வாங்காதீர்கள். பழைய நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, வலப்பக்கத்தில் டிக் அடிக்காத வரிகளை உரக்க வாசியுங்கள். அவைதான் இந்த ஆண்டின் முதல் மன்றாட்டுகள். அந்தத் துப்புரவுப் பணியாளர் அக்கா இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். வாசிப்பது அவர்தான்.